பின்னாலிருந்து படிக்க வேண்டிய எண்: மருத்துவ ஆவண டிப்ளமோ முடித்து மூன்றாவது ஆண்டில்

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போகிற பஸ்ஸில், பாதி நாள் நின்றபடியே போய்ப் படித்த படிப்பு இது. பெயர் நீளம்: சுகாதாரத் தகவல் மற்றும் மருத்துவ ஆவண மேலாண்மை டிப்ளமோ. என்ன படித்தாள் என்று ஊரில் யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற படிப்பு" என்று அம்மா சொல்வார். அப்போது எனக்குக் கோபம் வரும். இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

2021-இல் சேர்ந்தேன். ஓராண்டு வகுப்பு, பிறகு ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி. கறவை மாடு ஒன்றை விற்றதில் பாதிக் கட்டணம் வந்தது. மீதியைச் சித்தப்பா கொடுத்தார். பயிற்சி பெற்ற மருத்துவமனையிலேயே வேலையும் கிடைத்தது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை, எம்.ஆர்.டி. என்று எல்லோரும் சொல்லும் ஆவணப் பிரிவு, தரைத்தளத்தின் கடைசி அறை. ஜன்னல் ஒன்றுதான்.

நாங்கள் சேர்ந்த அந்தச் செப்டம்பரில்தான் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. அபா என்கிற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் ஒன்று போதும், நோயாளியின் வரலாறு முழுவதும் திரையில் வந்துவிடும், காகிதத்துக்கு இன்னும் இரண்டே ஆண்டுதான் ஆயுள் என்று வகுப்பில் உறுதியாகச் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில் பாதிப் பாடத்திட்டம் கணினியாகவே போனது. நான் இன்றைக்கும் காலையில் முதல் வேலையாக, நேற்று வீட்டுக்குப் போனவர்களின் கேஸ் ஷீட்டுகளைத் துணிப்பையில் அள்ளிக்கொண்டு வார்டிலிருந்து இறங்குகிறேன்.

பாடத்தில் உருப்படியாக நின்றது கோடிங், அதாவது நோய்க்கும் காயத்துக்கும் குறியீடு போடுவது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஐ.சி.டி.10 என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் புத்தகம் மூன்று தொகுதிகள். மூன்றாவது தொகுதியான அகரவரிசையில் தேடி, முதல் தொகுதியில் சரிபார்க்க வேண்டும். நேராக முதல் தொகுதியைப் புரட்டினால் ஆசிரியை புத்தகத்தை மூடிவிடுவார். இடுப்பெலும்பு முறிந்தால் "இடுப்பு" என்று தேடக் கூடாது, "முறிவு" என்றுதான் தேட வேண்டும் என்பதைச் சொல்லிச் சொல்லியே பழக்கினார். ஐ.சி.டி.11 2022 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது; வகுப்பில் அதன் பெயரை மட்டும் சொன்னார்கள். எங்கள் மருத்துவமனையில் இன்னும் பத்துதான், அதனால் எனக்கு நஷ்டம் இல்லை. இனிச் சேர்பவர்கள் பதினொன்று உண்டா என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கள் இறக்கத் தென்னை ஏறுபவர்கள் அதிகம். ஒருவர் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முறிந்து வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது "கீழே விழுந்தார்" என்பது மட்டுமே. முறிவுக்கு எஸ் 32.0 போட்டுவிடலாம். ஆனால் எப்படி விழுந்தார் என்பதற்குத் தனிக் குறியீடு வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் டபிள்யூ 19, மரத்திலிருந்து என்றால் டபிள்யூ 14. நர்ஸ் எழுதிய குறிப்பைத் தேடினேன். "மரம்" என்ற சொல் அங்கே, மூன்றாம் பக்க ஓரத்தில் இருந்தது. டபிள்யூ 19 போட்டிருந்தாலும் யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் ஆண்டுக் கடைசியில் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் மரத்திலிருந்து விழுந்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால், அவர் அதில் வரவே மாட்டார்.

வகுப்பில் தராததைத் தந்தவர், நாங்கள் சேச்சி (மலையாளத்தில் அக்கா) என்று கூப்பிடுபவர். இருபது ஆண்டுக்கு மேலாக எங்கள் ஆவண அறையில் இருக்கிறார், டிப்ளமோ எதுவும் இல்லை. முதல் நாள் ஓர் எண்ணைக் கொடுத்து ஃபைல் எடுத்து வரச் சொன்னார்: 04-71-38. நான் 04 இருக்கும் அலமாரியைத் தேடிக்கொண்டு நின்றேன். "பின்னாலிருந்து படி, மோளே" என்றார். கடைசி இரண்டு இலக்கம்தான் அலமாரி, நடு இரண்டு தட்டு, முதல் இரண்டு வரிசை. புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதியிருந்தேன். கை மட்டும் 04-க்குப் போனது. ஏன் இப்படி என்பது நின்று பார்த்தால்தான் புரிகிறது. வரிசையாக அடுக்கினால் புது ஃபைல்கள் எல்லாம் ஒரே மூலையில் குவியும், மூன்று பேர் அங்கே முட்டிக்கொள்ள வேண்டும். கடைசி இலக்கப்படி அடுக்கினால் 00 முதல் 99 வரை நூறு இடங்களில் சமமாகப் பரவும்.

என் கையால் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு ஃபைலின் விளிம்பில் 38-க்குப் பதில் 83-இன் வண்ண ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். வண்ணம் பொருந்தியதால் 83-ஆம் பகுதியில் அது சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. இன்சூரன்ஸுக்காக நோயாளியின் மகன் நகல் கேட்டு வந்தார். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. ஃபைல் இடத்தில் இல்லை, இருக்க வேண்டிய இடத்தில், ஃபைலை எடுப்பவர் வைத்துவிட்டுப் போகும் டிரேசர் கார்டும் இல்லை, அதாவது யாரும் எடுத்துப் போகவில்லை. நான்கு நாள் தேடினோம். அந்த மகன் தினமும் வந்து வாசலில் நிற்பார், கத்த மாட்டார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான்காம் நாள் மாலை சேச்சி ஒரு தாளில் 38 என்று எழுதி, அதைத் திருப்பி 83 என்று எழுதிப் பார்த்தார். எழுந்து போய் எடுத்து வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் விஷயம் எந்தப் பாடத்திலும் இல்லை. எங்கள் எல்லையில் அதுதான் பாதி வேலை. தமிழ் வழக்கில் தலைப்பெழுத்து முன்னால், மலையாள வழக்கில் பின்னால். கே. முருகன், முருகன் கே. இருவரும் ஒருவரா? சில நாள் ஆம், சில நாள் இல்லை. ழகரம் இன்னும் மோசம். பழனிச்சாமியை ஆங்கிலத்தில் பதிவு செய்யும்போது ஒருவர் எல் போடுகிறார், அடுத்தவர் இசட்-எச் போடுகிறார். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். இரண்டு எண், இரண்டு ஃபைல். பழைய ஃபைலில் பெனிசிலின் ஒவ்வாமை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். புதிய ஃபைலில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். அதனால் பதிவு மேஜையில் பிறந்த தேதியோடு களத்தின் (பண்ணை வீட்டின்) பெயரையும் கேட்கச் சொல்லி வைத்திருக்கிறார் சேச்சி. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குக் கதவு எண்ணைவிடக் களத்தின் பெயர்தான் மாறாத முகவரி. (என் பெயரிலும் ஒரு ழகரம் உண்டு. மதிப்பெண் பட்டியலில் ஒரு விதமாகவும் சான்றிதழில் வேறு விதமாகவும் அச்சடித்துக் கொடுத்தது, ஆவண மேலாண்மை கற்றுத் தந்த அதே நிறுவனம்.)

டாக்டர்களிடம் பேசுவதும் பாடத்தில் இல்லை. இறப்புக்கான காரணச் சான்றில் "இதயம் நின்றது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இறந்த எல்லோருக்கும் இதயம் நின்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே கிடந்த நோய் எது என்பதுதான் கேள்வி. முதல் முறை நான் ஓர் இளம் டாக்டரிடம் போய் "இது தவறு சார்" என்றேன். மூன்று வாரம் அவர் கையெழுத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "தவறு என்று சொல்லாதே, எனக்குப் புரியவில்லை என்று சொல்" என்றார் சேச்சி. இப்போது ஒரு நாளைக்கு நான்கு முறை எனக்கு எதுவும் புரிவதில்லை. வேலை நன்றாக நடக்கிறது.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, இப்போது பரவாயில்லை. இரவு ஷிப்ட் இல்லாதது பெரிய விஷயம். புள்ளிவிவரப் பாடம் சுமார். படுக்கை நிரம்பும் விகிதம், சராசரித் தங்கும் நாள் என்று மாத அறிக்கைக்கு வேண்டிய நான்கு கணக்குகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அங்கீகாரம் பற்றி மட்டும் நான் ஏமாந்தேன் என்றே சொல்வேன். அரசு வேலைக்கு ஆகும் என்றார்கள். விளம்பரம் வந்தபோது என் சான்றிதழ் அவர்கள் கேட்ட பட்டியலில் இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இந்தத் தொழிலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் சட்டத்தில் தொழில் இருப்பதும் நம் சான்றிதழ் செல்லுபடியாவதும் வேறு வேறு. பணம் கட்டும் முன் பழைய அரசு வேலை விளம்பரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எந்த வரியில் உங்கள் படிப்பு வருகிறது என்று கேட்க வேண்டும்.

சித்தி மகள் அடுத்த ஆண்டு சேரலாமா என்று கேட்டாள். கோடிங் சொல்லித்தருவது யார், பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, அங்கே ஃபைலைத் தொட விடுவார்களா அல்லது ஆறு மாதமும் நகல் எடுக்கத்தான் விடுவார்களா என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போகிறாள்.