ஸ்டூடன்ட் லோன கொறைச்சுத் தரோம்னு போன் வந்தா உடனே கட் பண்ணிடுங்க, நான் ஏமாந்தது போதும்

இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வாரம் எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, இங்க அமெரிக்காவுல இப்பதான் டிகிரி முடிச்சவன், "அக்கா, என் லோன பாதியாக்கித் தரேன்னு ஒருத்தர் போன் பண்ணாரு, மொதல்ல 600 டாலர் கட்டணுமாம், கட்டிடவா"ன்னு கேட்டான். கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு, ஏன்னா வார்த்தை மாறாம அதே பேச்ச நானும் கேட்டிருக்கேன், நம்பியும் இருக்கேன், இன்னிக்கு வரைக்கும் அதுக்குத்தான் கட்டிட்டு இருக்கேன்.

கதை ஆரம்பிச்சது போன்ல இல்ல, லோன் எடுத்தப்பவே ஆரம்பிச்சிருச்சு. எங்க குடும்பம் கிரீன் கார்டுல இருந்ததால எனக்கு ஃபெடரல் லோன், அதாவது அரசாங்கமே குடுக்குற படிப்புக் கடன், கெடச்சுது. ஃபாஃப்ஸான்னு படிப்பு உதவிக்கான அரசாங்க அப்ளிகேஷன் போட்டோம், எவ்வளவு உதவி கெடைக்கும்னு காலேஜ்ல இருந்து எய்டு லெட்டர் வந்துச்சு, மொத வருஷத்துக்கு 5,500 டாலர் லோன்னு போட்டு பக்கத்துலயே அக்செப்ட் பட்டன். ஸ்காலர்ஷிப் எல்லாம் போக எனக்கு உண்மையில தேவைப்பட்டது 3,000 சொச்சம்தான். ஆனா அந்தத் தொகைய மாத்தி கம்மியாவும் வாங்கலாம்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல, முழுசா அக்செப்ட் பண்ணிட்டேன். ஃபீஸ் போக மிச்சம் என் அக்கவுண்டுக்கு வந்துச்சு, அத எல்லாரும் ரீஃபண்டுன்னு சொல்லுவாங்க. அந்தப் பேரே தப்பு. ரீஃபண்டுன்னா நம்ம காசு நமக்குத் திரும்பி வருதுன்னுதானே தோணும், அது கடன் காசு. அத வச்சு லேப்டாப் வாங்கினேன், ஊருக்கு டிக்கெட் போட்டேன். காசு வந்து 120 நாளைக்குள்ள வேண்டாத பகுதிய திருப்பிக் குடுத்தா அந்தத் தொகைக்கு வட்டியும் கெடையாது, ஃபீஸும் கெடையாதுன்னு எனக்குத் தெரிஞ்சது டிகிரி முடிச்சு மூணு வருஷம் கழிச்சு.

நாலு வருஷமும் இதே மாதிரிதான். 5,500, அடுத்த வருஷம் 6,500, அப்பறம் ரெண்டு வருஷம் 7,500, ஆக மொத்தம் 27,000. இதுல சப்சிடைஸ்டுன்னு ஒரு பகுதி, படிக்கிற வரைக்கும் அதுக்கான வட்டிய அரசாங்கம் பாத்துக்கும். இன்னொரு பகுதி அன்சப்சிடைஸ்டு, காசு கைக்கு வந்த அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். 5% வட்டின்னு வச்சுக்கிட்டா 2,000 டாலருக்கு வருஷத்துக்கு 100 டாலர், நாலு வருஷத்துல 400, நம்ம கிளாஸ்ல உக்காந்திருக்கும்போதே ஏறிட்டு இருக்கும். லோன் எடுக்கும்போது என்ட்ரன்ஸ் கவுன்சலிங், முடிக்கும்போது எக்ஸிட் கவுன்சலிங்னு கம்ப்யூட்டர்ல ஒண்ணு பண்ண வைப்பாங்க, எல்லாம் அதுல சொல்லித்தான் இருக்கு. நான் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டுப் போயிட்டேன். கூடப் படிச்சவங்களும் அப்படித்தான் தட்டினாங்க.

மே மாசம் டிகிரி முடிஞ்சுது. ஆறு மாசம் கிரேஸ் பீரியட், அதாவது கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குடுக்குற அவகாசம், டிசம்பர்ல மொத பில்லு, கிட்டத்தட்ட 290 டாலர். அப்போ எனக்கு மணிக்கணக்கு சம்பளத்துல காண்ட்ராக்ட் வேலை, வாடகைக்கே இழுபறி. பில்லு அனுப்பின கம்பெனி பேரே எனக்குப் புதுசா இருந்துச்சு, அரசாங்கம் குடுத்த லோனுக்கு இவங்க யாருன்னு குழப்பம். அவங்கதான் சர்வீசர், அரசாங்கம் சார்பா பணம் வசூலிக்கிறதும் கணக்கு பாக்குறதும் அவங்க வேலைன்னு அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா மத்த எதுவுமே நடந்திருக்காது, இத நான் அடிச்சுச் சொல்லுவேன்.

ஜனவரில போன் வந்துச்சு. பேசின பொண்ணு அவ்வளவு கனிவா பேசிச்சு. என் லோன் எவ்வளவுன்னு கிட்டத்தட்ட சரியா சொல்லிச்சு, அதுலயே நான் விழுந்துட்டேன், அரசாங்கத்துல இருந்துதான் பேசுறாங்கன்னு. புது திட்டம் வந்திருக்கு, வெள்ளிக்கிழமையோட முடியுது, மாசம் 39 டாலர் கட்டினா போதும், மிச்சம் தள்ளுபடி, அப்ளை பண்ண 799 டாலர், அதையும் ரெண்டா பிரிச்சுக் கட்டலாம்னு சொன்னாங்க. அப்பாகிட்ட கேக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா அவர் ஏற்கனவே தங்கச்சி ஃபீஸுக்கு ஓவர்டைம் பாத்துட்டு இருந்தார், நம்ம கடன நாமளே பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்த வெக்கத்த நம்பித்தான் இவங்க தொழிலே நடக்குது.

அரசாங்கத்தோட லோன் தளத்துல நுழையுற என்னோட எஃப்எஸ்ஏ ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டாங்க, குடுத்தேன். பவர் ஆஃப் அட்டர்னின்னு, என் சார்பா அவங்க செயல்படலாம்ங்கிற ஒரு பேப்பர்ல ஆன்லைன்ல கையெழுத்து வாங்கினாங்க, போட்டேன். இனிமே சர்வீசர் போன் பண்ணா எடுக்காதீங்க, நாங்களே பேசிக்கிறோம்னாங்க, சரின்னேன். இந்த எஃப்எஸ்ஏ ஐடி நம்ம கையெழுத்துக்குச் சமம், அத வச்சு நம்ம பேர்ல என்ன வேணா போடலாம், அரசாங்கமோ சர்வீசரோ அந்தப் பாஸ்வேர்ட எப்பவுமே கேக்க மாட்டாங்க.

அவங்க உண்மையில பண்ணது இதுதான். என் அக்கவுண்டுல போய் போன் நம்பர், ஈமெயில், வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் அவங்களோடதா மாத்தினாங்க. அப்பறம் லோன ஒரு வருஷத்துக்கு ஃபோர்பேரன்ஸ்ல போட்டாங்க, அதாவது கட்ட வேண்டாம் ஆனா வட்டி ஏறிட்டே இருக்கும். பில்லு வராததால லோன் செட்டில் ஆயிடுச்சுன்னு நான் நிம்மதியா இருந்தேன். மாசா மாசம் என் கார்டுல போன 39 டாலர்ல ஒரு காசுகூட லோனுக்குப் போகல, முழுக்க அவங்க பாக்கெட்டுக்கு. வருமானத்துக்கு ஏத்த தவணைக்கு ஒரு அப்ளிகேஷனும் என் பேர்ல போட்டிருக்காங்க, அதுல என் குடும்பத்துல ஆறு பேருன்னு எழுதி இருக்காங்க. நான் அப்போ தனி ஆளு. பொய் சொன்னா தண்டனைன்னு போட்டிருக்கிற ஃபார்ம் அது, கையெழுத்து என்னோடது. அந்த அப்ளிகேஷனையும் பேப்பர் சரியில்லன்னு சர்வீசர் நிராகரிச்சிருக்காங்க, அந்த லெட்டரும் அவங்க அட்ரஸுக்குத்தான் போயிருக்கு.

ஃபோர்பேரன்ஸ் முடிஞ்சு பழைய பில்லு திரும்ப ஆரம்பிச்சிருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஃபெடரல் லோன்ல ஒரு தவணை தவறினா மறுநாள்ல இருந்தே நிலுவைதான், 90 நாள் தாண்டினா நம்ம கடன் வரலாறு இருக்கிற கிரெடிட் ரிப்போர்ட்ல ஏறும், 270 நாள் தாண்டினா டிஃபால்ட், அதாவது கடன கட்டாம விட்டவங்கன்னு கணக்கு. நான் 270ஐயும் தாண்டிட்டேன். எனக்குத் தெரிய வந்தது ஒரு அபார்ட்மெண்ட்டுக்கு அப்ளை பண்ணப்போ. கிரெடிட் சரியில்லன்னு மாட்டேன்னுட்டாங்க, ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா ஒவ்வொரு லோனுக்கும் பக்கத்துல டிஃபால்ட்னு இருக்கு. அன்னிக்கு ராத்திரி கார்லயே உக்காந்து அழுதேன். அந்தக் கம்பெனி நம்பருக்கு போன் பண்ணேன், அது வேலை செய்யல.

டிஃபால்ட்னா வெறும் கெட்ட பேருன்னு நெனைக்காதீங்க. தவணைன்னு ஒண்ணு கெடையாது, மொத்தக் கடனும் ஒரே நேரத்துல கட்ட வேண்டியதாயிடும். டாக்ஸ் ரீஃபண்ட பிடிக்கலாம், கோர்ட்டுக்குப் போகாமலே சம்பளத்துல 15% வரைக்கும் பிடிக்க சட்டத்துல இடமிருக்கு. மேல படிக்கணும்னா ஃபெடரல் எய்டு கெடைக்காது. வருஷம் போனா கடன் காலாவதி ஆயிடும்னு சிலர் சொல்லுவாங்க, ஃபெடரல் லோனுக்கு அந்தக் காலக்கெடுவே கெடையாது.

மறுநாள் கல்வித்துறையோட டிஃபால்ட் ரெசல்யூஷன் குரூப்புக்கு போன் பண்ணேன். திட்டுவாங்கன்னு பயந்தேன், ஆனா அந்தம்மா பொறுமையா எல்லாம் சொன்னாங்க, ஒரு டாலர் கேக்கல. வெளிய வர ரெண்டு வழி சொன்னாங்க. கன்சாலிடேஷன், அதாவது பழைய லோன்கள ஒரே புது லோனா மாத்துறது, சீக்கிரம் முடியும், ஆனா டிஃபால்ட்ங்கிற பதிவு ரிப்போர்ட்ல இருக்கும். ரீஹாபிலிடேஷன்ல அடுத்தடுத்த 10 மாசத்துக்குள்ள 9 தவணை நேரத்துக்குக் கட்டணும், முடிச்சா டிஃபால்ட் பதிவ எடுத்துடுவாங்க, லேட்டா கட்டின பதிவுங்க மட்டும் நிக்கும். தவணை நம்ம வருமானத்த வச்சுத்தான், ரொம்பக் கம்மி வருமானம்னா 5 டாலர்கூட வரலாம். நான் ரெண்டாவத எடுத்தேன்.

எனக்கு ஆறவே மாட்டேங்குறது என்னன்னா, அந்த 290 டாலர் பில்லு வந்த அன்னிக்கே சர்வீசருக்கு போன் பண்ணி கட்ட முடியலன்னு சொல்லி இருந்தா போதும். ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் தளத்துல வருமானத்துக்கு ஏத்த தவணைக்கு நாமளே அப்ளை பண்ணலாம், ஒரு பைசா செலவில்ல. ஐபிஆர்னு ஒரு திட்டம் இருக்கு, அதுல வருமானம் ரொம்பக் கம்மியா இருந்தா மாசத் தவணை பூஜ்யம்னுகூட வரும். அன்னிக்கு எனக்கு இருந்த சம்பளத்துக்கு மிகச் சின்னத் தொகைதான் வந்திருக்கும். இலவசமா இருந்ததுக்கு 799 குடுத்து, மாசம் 39 குடுத்து, டிஃபால்ட்ட வாங்கிட்டு வந்தேன். இன்னொண்ணு, இப்படி போன்ல வித்து கடன குறைச்சுத் தரேன்னு சொல்றவங்க வேலைய முடிக்காம முன்பணம் வாங்குறதே இங்க சட்டப்படி தப்பு. முன்பணம்னு சொன்ன அந்த நொடியே போன வச்சிருக்கலாம்.

பிரைவேட் லோன் எடுத்தவங்க இன்னும் உஷாரா இருங்க. மேல சொன்ன வருமானத் தவணை, ரீஹாபிலிடேஷன் எல்லாம் ஃபெடரல் லோனுக்குத்தான். பிரைவேட்ல பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ கோசைன், அதாவது ஜாமீன் கையெழுத்து, போட்டிருப்பாங்க, நீங்க தவறினா அவங்க கிரெடிட்டும் சேந்து போகும், அதனால ஃபெடரல்ல கெடைக்கிறத முழுசா பாக்காம அந்தப் பக்கம் போகாதீங்க.

நீங்க ஏற்கனவே யாருக்காவது பாஸ்வேர்டு குடுத்திருந்தா, இத படிச்சு முடிச்ச கையோட மாத்துங்க, உங்க போன் நம்பரும் ஈமெயிலும் உங்களோடதுதானான்னு பாருங்க, சர்வீசர கூப்பிட்டு அந்தப் பவர் ஆஃப் அட்டர்னி செல்லாதுன்னு எழுதிக் குடுங்க, கார்டு பேங்க்ல அந்தப் பேமெண்ட்ட நிறுத்தச் சொல்லுங்க. நான் நுகர்வோர் மோசடிய விசாரிக்கிற அரசாங்க அமைப்பான எஃப்டிசிலயும் எங்க மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்லயும் புகார் குடுத்திருக்கேன். கடைசி ரெண்டு மாசத்து 39 டாலர் மட்டும் கார்டு கம்பெனி மூலமா திரும்ப வந்துச்சு, மத்தது வரல.

அப்பாகிட்ட ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னேன். அவர் கோவப்படல, "மொத பில்லு வந்தப்பவே சொல்லி இருக்கலாமேம்மா"ன்னு மட்டும் கேட்டார். அந்தத் தம்பி 600 டாலர் கட்டல, நானும் அவனும் வீடியோ கால்ல உக்காந்து அவனோட சர்வீசர் யாருன்னு தேடி எடுத்தோம், அப்ளிகேஷன் போட்டு முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகல. எனக்கு இந்த மாசத்தோட ஏழு தவணை முடிஞ்சுது, இன்னும் ரெண்டு இருக்கு.