மூன்று தலைமுறையோடு திருமலை: கடலும் வானும் வாடகை வீடும், கடைசியில் தண்ணீர்ப் பூங்காவும்

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து பிள்ளைகளைத் திருகோணமலையின் நிலாவெளிக் கடலில் குளிக்க விடலாம் என்று ரிக்கெற் போடுபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஐப்பசியில் இருந்து தை வரை கிழக்கில் மாரி. வாடைக்காற்றில் கடல் கலங்கி அடிக்கும், புறாமலைத் தீவுக்குப் படகு விடமாட்டார்கள், காசு கட்டி எடுத்த வீட்டில் இருந்து மழையைப் பார்க்கலாம். திருமலைக் கடல் குடும்பத்துக்கு ஏற்றது மே முதல் செப்ரெம்பர் வரைதான். ஐரோப்பா, கனடாவின் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்ற்றில் வருவது நல்ல பொருத்தம். இலங்கைப் பள்ளிக்கூடங்களின் ஓகஸ்ற் விடுமுறையும் அப்போதுதான் வரும் என்பதை மறக்கக் கூடாது. போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சனி, ஞாயிறு சேர்ந்தால் கொழும்பு, கண்டிப் பக்கத்து வான் வண்டிகள் எல்லாம் நிலாவெளியில் நிற்கும். அந்த நாட்களைத் தவிர்த்து, ஞாயிறு பின்னேரம் வந்து இறங்கி வெள்ளி காலை கிளம்புவது போல நாள் பார்த்தால் வீட்டு வாடகையும் குறையும், கடற்கரையும் காலியாகக் கிடக்கும்.

அடுத்தது மணிக்கணக்கு. அந்த மாதங்களில் திருமலை வெயிலில் வயதானவர்களையும் சின்னப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வெளியே நிற்கக்கூடியது ஒரு நாளைக்கு நாலரை மணித்தியாலம்தான். காலை ஆறில் இருந்து எட்டரை, பின்னேரம் நாலரையில் இருந்து ஆறரை. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, நடுவில் சாப்பாடும் நித்திரையும். நாளுக்கு நாலு இடம் போட்டுக் கொடுக்கும் பயண முகவரின் அட்டவணையில் இரண்டை வெட்டிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புக் கரைசல் பைக்கற் பத்து, ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தல் ஒன்று, இரண்டும் வானில் எப்போதும் கிடக்கட்டும். தாகம் எடுத்தால்தான் குடிப்பேன் என்று சொல்லும் அப்பப்பாக்களுக்கு மணிக்கு ஒரு தரம் கையில் கொடுக்க வேண்டும்.

கடலைப் பற்றி ஒரு விஷயம் ஹோட்டல்காரர் சொல்வது குறைவு. இந்த மாதங்களில் வீசும் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தரையில் இருந்து கடல் பக்கம் அடிக்கும். கடல் குளம் மாதிரி அசையாமல் கிடப்பது அதனால்தான். காற்றடித்த வாத்தையும் வளையத்தையும் பிள்ளையோடு வெளியே இழுத்துக்கொண்டு போவதும் அதே காற்றுத்தான். அலை இல்லையே என்று பெரியவர்கள் போனைப் பார்க்கிற நேரத்தில் மிதவை ஐம்பது மீற்றர் போய்விடும். மிதவைகளை வீட்டு நீச்சல் தடாகத்தோடு வைத்துக்கொண்டு, கடலுக்கு அளவான லைஃப் ஜாக்கெற்றை வெளிநாட்டில் இருந்தே கொண்டுவருவது நல்லது. இங்கே படகுகளில் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர் அளவு, ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலால் கழன்றுவிடும். இறக்கக்கண்டிப் பக்கம் களப்பு கடலோடு சேரும் வாயில் குளிக்கவே வேண்டாம். மேலே தெளிந்து இருந்தாலும் அடியில் இழுவை உண்டு.

அம்மம்மாவைக் கடலில் கால் நனைக்க வைப்பதற்குப் பிளாஸ்ரிக் கதிரைதான் எல்லோரும் கையாளும் வழி. அதை அப்படியே தண்ணீர் விளிம்பில் வைத்தால் அலை திரும்பும்போது கதிரைக் காலுக்குக் கீழே உள்ள மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நாலு காலும் ஒரே அளவில் புதைவதில்லை. அலை ஏழெட்டு வருவதற்குள் கதிரை ஒரு பக்கம் சரியும், சில வேளை பின்னுக்கு மலரும். கைப்பிடி உள்ள கதிரையாக எடுத்து, கீழே ஒரு பலகையோ தடித்த தென்னை மட்டை இரண்டோ போட்டு, முன்கால் மட்டும் நனைகிற இடத்தில் வையுங்கள். கால் மணிக்கு ஒரு தரம் தூக்கி மாற்ற வேண்டும். எழுப்பும்போது ஒருவர் முன்னுக்கு நின்று கை கொடுக்க, இன்னொருவர் கதிரையின் முதுகைப் பிடிக்க வேண்டும்.

புறாமலை எல்லோருக்கும் உரிய இடம் இல்லை. நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம்தான். 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு ஒன்று, படகுக் கூலி இன்னொன்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குச் சீட்டு விலை பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ கையில் கொண்டு போக வேண்டும். தமிழில் கதைத்தால் மட்டும் உள்ளூர் விலை வராது, கவுண்டரில் நின்று சண்டை பிடிப்பதும் வீண். படகுக் கூலி ஆளுக்கா, படகுக்கா, திரும்பி ஏற்ற எத்தனை மணிக்கு வருவார்கள், இந்த இரண்டையும் ஏறுமுன் கேளுங்கள். தீவில் கடை இல்லை, நிழலும் குறைவு. தண்ணீருக்குள் குதித்து இறங்கி, உடைந்த பவளக் கல்லுக்கு மேலால் நடக்க வேண்டும். வெறுங்கால் வெட்டும், பாட்டாச் செருப்பு கழன்றுவிடும். குதியோடு பட்டி உள்ள செருப்போ தண்ணீர்ச் சப்பாத்தோதான் சரி. எட்டு வயதுக்கு மேற்பட்ட, நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் அப்பா அம்மாவும் காலை முதல் படகில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பட்டும். குட்டிச் சுறாக்களைப் பார்க்கும் ஆவலில் பவளத்துக்கு மேல் ஏறி நிற்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். திமிங்கிலம் பார்க்கப் போகும் ஃபைபர் படகும் இப்படித்தான். பலகையில் இருந்து குலுங்கும் குலுக்கலுக்கு முதுகுவலிக்காரர் தாங்கமாட்டார்.

முழுக் குடும்பமும் ஒன்றாகக் குளிக்க வேண்டுமென்றால் சீனன்குடாப் பக்கத்து மார்பிள் பீச் நல்லது. விமானப்படை பராமரிக்கும் இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. குடாவுக்குள் இருப்பதால் தண்ணீர் அமைதி. உடுப்பு மாற்ற இடமும் கழிப்பறையும் இருப்பதுதான் வயதானவர்களுக்குப் பெரிய விஷயம்.

கோணேசர் கோயிலுக்குக் காலையில் போவதே முறை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன்பே கல் காலைச் சுடத் தொடங்கிவிடும். பிரட்றிக் கோட்டைக்குள்ளால் ஏறும் பாதை சரிவு. முழங்கால் வருத்தம் உள்ளவரை ஓட்டோவில் முன்னுக்கு அனுப்பி, மற்றவர்கள் மான்களைப் பார்த்துக்கொண்டு நடந்து வரலாம். அர்ச்சனைத் தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் வாழைப்பழம் குரங்குக்குத்தான். கன்னியா வெந்நீரூற்று நகரில் இருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. ஏழு கிணறும் ஏழு சூடு. இறங்கிக் குளிப்பதில்லை, அள்ளி ஊற்றுவதுதான். சின்ன வாளி ஒன்றும் உயரம் குறைந்த ஸ்ரூல் ஒன்றும் கொண்டு போனால் வயதானவர்கள் இருந்தபடியே குளிக்கலாம். ஈரச் சீமெந்து வழுக்கும்.

அந்த ஸ்ரூல் முதலில் தேவைப்படுவது வானில் ஏறி இறங்கத்தான். பத்துப் பேர் என்றால் கே.டி.எச். ஹைரூவ் எனப்படும் உயர் கூரை ரொயோற்றா வான் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆளுக்குப் போதும், பெட்டிக்குப் போதாது. ஆளுக்கு இரண்டு 23 கிலோப் பெட்டி வந்தால் இருபது பெட்டி. பின் இருக்கையைக் கழற்றினால் ஆள் குறையும். பெரிய பெட்டிகளைக் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பேருக்கு ஒரு துணிப்பை என்ற கணக்கில் கிளம்புங்கள். முடியாதென்றால் கோஸ்டர் மினிபஸ் எடுக்க வேண்டியதுதான். பிள்ளை இருக்கை வைப்பவர்கள், பின் வரிசைகளில் தோளுக்கு மேலால் வரும் மூன்று முனைப் பட்டி இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல வான்களில் இடுப்புப் பட்டி மட்டும்தான், பூஸ்ரர் இருக்கைக்கு அது சரிவராது. விலை பேசும்போது நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் உட்பட்டது, கூடினால் கிலோமீற்றருக்கு எவ்வளவு, வெறும் வானாகத் திரும்பும் ஓட்டம் யார் கணக்கில், சாரதியின் பட்டா (நாட்படி) எவ்வளவு, இவை எல்லாம் வட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். சாரதி எங்கே படுப்பார் என்பதையும் கேளுங்கள். வாடகை வீட்டில் அவருக்கு அறை இல்லாவிட்டால் நுளம்புக்குள் வானிலேயே படுத்து, அடுத்த நாள் தூங்கித் தூங்கி ஓட்டுவார். அது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக, நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழு மணித்தியாலம் பிடிக்கும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை வீதிக்கு வரும் என்பதால் அந்தத் துண்டை இருட்டுக்கு முன் கடக்க வேண்டும். காலை பத்துக்குப் பிறகு இறங்கும் விமானம் என்றால் அன்றைக்கே ஓடாமல் நீர்கொழும்பில் தங்குங்கள். கந்தளாய், தம்பலகாமப் பக்கம் சட்டித் தயிர் வாங்கலாம், ஆனால் சட்டியை யார் மடியில் வைப்பது என்பதை வாங்க முதல் முடிவு செய்யுங்கள்.

வீடு எடுப்பவர்கள் கேட்க வேண்டியவை படத்தில் தெரியாது. கீழ்த் தளத்தில் கொமட் உள்ள கழிப்பறையோடு அறை இருக்கிறதா, நீச்சல் தடாகத்துக்கு வேலி உண்டா, கரண்ட் போனால் ஜெனரேற்றர் ஏசியைத் தாங்குமா, ஃபானை மட்டும் சுழற்றுமா? நிலாவெளிப் பக்கம் சில கிணறுகள் உவர். குளிக்கலாம், தேத்தண்ணிக்குச் சரிவராது. பத்துப் பேருக்கு நாளுக்கு இருபது லீற்றர் குடிதண்ணீராவது வேண்டும். சமையலுக்கு ஆள் பிடித்துத் தருவார்கள், கூலி வேறு, சாமான் வேறு. காலையில் மீன் வாங்கும்போது பத்துப் பேரின் ஒரு நேரச் சாப்பாட்டுக்குத் துப்புரவாக்க முதல் மூன்று கிலோப் பாரையோ விளைமீனோ கணக்கு. வெள்ளிக்கிழமை விரதக்காரருக்குத் தனிச் சட்டி இருக்கிறதா என்று அம்மம்மா கேட்பார், நீங்கள் முந்திக் கேட்டு வையுங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் நிரம்பி இருக்கிறதா என்பதை முதல் நாளே தூக்கிப் பாருங்கள். இன்சுலின் வைத்திருப்பவர் ஜெனரேற்றரில் குளிர்சாதனப் பெட்டியும் ஓடுமா என்று கேட்க வேண்டும். பொது வைத்தியசாலை நகருக்குள். நிலாவெளியில் இருந்து அரை மணித்தியாலம், உப்புவெளியில் இருந்து அதில் பாதி. மருத்துவத் தேவை உள்ளவர்கள் இருந்தால் உப்புவெளியே நல்லது.

பிள்ளைகள் தீம் பார்க் கேட்பார்கள். திருமலையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. தண்ணீர்ச் சறுக்கலுக்கு ஹங்வெல்லையில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமையில் பேர்ல் பே. இரண்டும் கொழும்புப் பக்கம் என்பதால் அதைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். வந்த இறங்கலில் போனால் நேர மாற்றத்தில் பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கே விழுந்துவிடும், கட்டின காசில் பாதி நித்திரைக்குப் போகும். கிழக்கில் கடல் நல்லாக இருக்கும் மே, ஜூனில்தான் அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. திறந்தவுடன் போய் மதியத்துக்குள் முடிக்கப் பாருங்கள். வாரநாளில் போனால் வரிசை குறைவு, ஆனால் கூட்டம் இல்லாத நாளில் சில விளையாட்டுகளை ஓட்டமாட்டார்கள். எவை ஓடும் என்று முதல் நாள் அழைத்துக் கேளுங்கள். பருத்தி ரீசேர்ட்டோடு சறுக்கலில் விடாத இடங்கள் உண்டு, நைலோன் நீச்சல் உடுப்பு பெரியவர்களுக்கும் வேண்டும். பண்டாரகமைக்கு அதிவேகப் பாதையில் கெலனிகம வெளிவாயில் வரை போகலாம். அம்மம்மா, அப்பப்பாவை அன்றைக்கு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் விடுங்கள். நிழலில் ஆறு மணித்தியாலம் பையைக் காவல் காக்க அவர்கள் இவ்வளவு தூரம் வரவில்லை.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குச் சுமார் 100 கிலோமீற்றர், அங்கிருந்து ஏ9 வீதி. ஆனையிறவுக்கு அப்பால் இயக்கச்சியில் ரீச்சா என்ற சுற்றுலாப் பண்ணையில் பிள்ளைகளை அரை நாள் இறக்கிவிடலாம். கன்னியாவும் திருமலையில் இருந்து புறப்படும் அந்தப் பாதையில்தான், அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டாம்.

தண்ணீர்ப் பூங்காவை விமானத்துக்கு முதல் நாள் வையுங்கள், அதே நாளில் வேண்டாம். பத்துப் பேரின் நனைந்த உடுப்பும் துவாயும் ஒரு பெட்டியின் கணக்கை எளிதாகத் தாண்டும். காய ஒரு இரவும் ஒரு கொடியும் வேண்டும்.