இசைக் கியூ ஷீட்டுக்கு எந்தக் கோப்பு: இடிஎல்லா, புரோ டூல்ஸ் உரையா, எக்ஸ்எம்எல்லா?

ஒரு நிகழ்ச்சியில் ஒலிக்கும் ஒவ்வோர் இசைத்துண்டின் தலைப்பு, இசையமைப்பாளர், பதிப்பாளர், உரிமைப் பங்கு, பயன்பாட்டு வகை, ஒலித்த நேரம் ஆகியவற்றைப் பட்டியலிடுவது கியூ ஷீட். இசையமைப்பாளருக்குச் சேர வேண்டிய உரிமைத் தொகை இந்தத் தாளை வைத்தே பிரிக்கப்படுகிறது என்பதால், இதில் விழும் பிழை ஒருவருடைய வருமானத்தைத் தொடும் பிழை. டைம்லைனை (எடிட்டிங் மென்பொருளில் படமும் ஒலியும் வரிசையாக அடுக்கப்படும் இடம்) ஓடவிட்டுக் கையால் குறிப்பெடுக்கும் முறையைக் கைவிட்டு, எடிட்டிங் மென்பொருளின் எக்ஸ்போர்ட் கோப்பிலிருந்தே பட்டியலை உருவாக்க முடிவு செய்தபோது, எந்தக் கோப்பை நம்புவது என்ற கேள்வி எழுந்தது. இடிஎல் (வெட்டுகளின் பட்டியல்), ஒலித்தொகுப்பு மென்பொருளான புரோ டூல்ஸ் தரும் உரைக்கோப்பு, ஏஏஎஃப் (மென்பொருள்களிடையே தொகுப்பைக் கைமாற்றும் கோப்பு), எக்ஸ்எம்எல் (குறிகளோடு எழுதப்படும் உரைக்கோப்பு) ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபின், எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியர் புரோவும் டாவின்சி ரிசால்வும் இன்றும் தருகிற ஃபைனல் கட் புரோ 7 வகை எக்ஸ்எம்எல்லையே தேர்ந்தெடுத்தேன்.

இடிஎல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சிஎம்எக்ஸ் 3600 வடிவம் வீடியோ நாடாக்களின் காலத்தது. ஒவ்வொரு நிகழ்வுக்கும், அதாவது ஒவ்வொரு வெட்டுத்துண்டுக்கும், ஓர் எண், ரீல் பெயர் (மூல நாடாவின் பெயர்), மூலத்தின் தொடக்கமும் முடிவும், டைம்லைனில் அதன் தொடக்கமும் முடிவும் என்று கண்ணாலேயே படித்துவிடக்கூடிய எளிமை அதற்கு உண்டு. ஆனால் மூல வரையறையின்படி ரீல் பெயருக்கு எட்டு எழுத்துகள், ஒலிக்கு நான்கு தடங்கள், மொத்தம் 999 நிகழ்வுகள் என்பவையே எல்லை. இசை மட்டுமே நான்கைந்து தடங்களில் அடுக்கப்படும் இன்றைய டைம்லைனுக்கு இது போதாது. இசைக்கோப்புகளுக்கு ரீல் பெயர் என்று ஒன்றும் இல்லாததால் அந்த இடத்தில் பெரும்பாலும் 'ஏஎக்ஸ்' என்றே பதிவாகிறது. அடுத்த வரியில் குறிப்புரையாக வரும் கிளிப் (டைம்லைனில் வைத்த துண்டு) பெயர் ஒன்றுதான் அடையாளம். சிறிய விளம்பரப் படத்துக்கு இது போதும், அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தீர்மானிக்கும் விஷயமே இந்த அடையாளம்தான். நேரத்தைக் கணக்கிடுவது கியூ ஷீட் வேலையின் எளிய பகுதி; டைம்லைனில் கிடக்கும் இந்தக் கிளிப் எந்த இசை என்று ஐயமின்றிச் சொல்வதே கடினமான பகுதி. இசை நூலகங்கள் ஒரே இசையை முழு நீளம், 60 வினாடி, 30 வினாடி, தாளம் நீக்கியது என்று பல வடிவங்களில் தருகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் ஆல்பம் குறியீடும் தட எண்ணும் பெரும்பாலும் கோப்பின் பெயரிலேயே இருக்கின்றன. இசையமைப்பாளர் பெயர், பங்கு விழுக்காடு, ஐபிஐ எண் (உரிமையாளரை அடையாளம் காட்டும் எண்) போன்றவை பொதுவாக இந்த எக்ஸ்போர்ட் கோப்புகளில் வருவதில்லை. அவற்றை நூலகம் தரும் விவரத் தாளிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும், அப்படிப் பொருத்துவதற்கான சாவி கோப்பின் மூலப் பெயர். எடிட்டரோ தன் வசதிக்காக டைம்லைனில் அந்தக் கிளிப்புக்கு 'பிரிவு மெதுவாக' என்று பெயர் மாற்றியிருப்பார். கிளிப் பெயரை மட்டும் கொடுக்கும் கோப்பில் சாவி அங்கேயே தொலைந்துவிடுகிறது. எக்ஸ்எம்எல்லில் கிளிப்பின் புதுப்பெயர் ஒரு புறம் இருக்க, அது சுட்டும் கோப்பின் சொந்தப் பெயரும் வட்டில் அது இருக்கும் முழுப் பாதையும் தனியே பதிவாகின்றன. கோப்புறையின் பெயரே நூலகத்தின் பெயராக இருப்பதும் உண்டு என்பதால், பாதை கூட ஒரு சான்றாகிவிடுகிறது.

எக்ஸ்எம்எல்லை அப்படியே அட்டவணையாக மாற்றினால் போதும் என்று இதற்குப் பொருளில்லை. வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் ஒரே இசை 1500 முதல் 2250 வரை, 2250 முதல் 2700 வரை, 2712 முதல் 3000 வரை என்று மூன்று துண்டுகளாக வெட்டி ஒட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பிரீமியர் எழுதும் எக்ஸ்எம்எல்லில் ஸ்டீரியோவின் இடமும் வலமும் தனித்தனித் தடங்களாகப் பிரிவதால், மூன்று துண்டுகள் ஆறு பதிவுகளாக வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் 119 வினாடி. பார்வையாளர் கேட்டதோ ஒரு நிமிடத்துக்குச் சற்றே குறைவான ஒரே ஓர் இசை. ஆகவே முதலில் இட வல இரட்டையை ஒன்றாக்கி, பிறகு ஒரே மூலக்கோப்பைச் சுட்டும் துண்டுகளின் இடைவெளி இரண்டு வினாடிக்குள் இருந்தால் ஒரே கியூவாக இணைத்துவிடுகிறேன். இரண்டு வினாடி என்பது விதியன்று, காதுக்குத் தொடர்ச்சியாகப் படும் அளவு என்று நான் கொண்டது. இங்கேயும் இணைப்பைச் சாத்தியமாக்குவது மூலக்கோப்பின் அடையாளமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேறு சில பொறிகளும் உண்டு. கிளிப்பின் ஓரத்தில் கிராஸ்ஃபேட் (ஓர் ஒலி தேய அடுத்தது எழும் இணைப்பு) இருந்தால் தொடக்கம் அல்லது முடிவு எண்ணுக்குப் பதில் -1 என்று வரும். அந்த இணைப்பைக் குறிக்கும் டிரான்சிஷன் பதிவின் எண்ணிலிருந்து உண்மையான இடத்தைக் கணக்கிட வேண்டும். அணைத்து வைத்த கிளிப்புகளும் பட்டியலில் வரும், ஆனால் அணைக்கப்பட்டவை என்ற குறியோடு வருவதால் நீக்குவது எளிது. ஒரு சீக்வென்ஸுக்குள் (தொகுத்த டைம்லைனுக்குள்) இன்னொரு சீக்வென்ஸ் இருந்தால் உள்ளே இறங்கிப் படிக்க வேண்டும். ஒலி அளவின் கீஃபிரேம்களும் (அளவு மாறும் புள்ளிகளும்) கோப்பில் இருப்பதால், கிளிப் நீண்டு கிடந்தாலும் ஒலி பூச்சியமான இடத்தோடு நேரத்தை நிறுத்திக்கொள்ள முடிகிறது. ஃபிரேம் வேகம் கோப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால் அதைப் பற்றித் தனியே கவலைப்பட வேண்டியதில்லை.

புதிய ஃபைனல் கட் புரோவின் எஃப்சிபிஎக்ஸ்எம்எல் இதற்கு உறவுதான் என்றாலும் வேறு வடிவம். இசை என்ற ரோல் (கிளிப்பின் வகைக் குறி) முறையாக இடப்பட்டிருந்தால் வடிகட்டுவது மிக எளிது. ஆனால் இணைக்கப்பட்ட கிளிப்பின் நேரம் அதன் தாய்க் கிளிப்பைச் சார்ந்து எழுதப்படுவதால் டைம்லைன் நேரத்தைக் கண்டுபிடிக்கக் கூடுதல் கணக்கு தேவைப்படுகிறது. ஏஏஎஃப் உரைக்கோப்பு அன்று. பைஏஏஎஃப்2 என்ற பைத்தான் நிரல் நூலகம் போன்ற ஒன்றின் துணையின்றி நிரல் எழுதி அதைப் படிப்பது கடினம். சிறிய வேலைகளில் மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

எக்ஸ்எம்எல்லை உண்மையாகவே மிஞ்சும் ஓர் இடம் புரோ டூல்ஸின் உரைக்கோப்புக்கு உண்டு. படத்தொகுப்பு முடிந்தபின் மிக்ஸில் (இறுதி ஒலிக்கலவையில்) ஓர் இசை நீக்கப்படலாம், மூன்று வினாடி முன்னதாகத் தொடங்கலாம். அந்த மாற்றத்தை எடிட்டரின் டைம்லைன் அறியாது. கிளிப் பெயர், தொடக்கம், முடிவு, நீளம், மியூட் நிலை ஆகியவற்றைத் தடவாரியாகத் தரும் இந்த உரையே ஒலிபரப்பாகும் வடிவத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கிளிப் பெயரின் பின்னே -01, -02 என்று ஒட்டிக்கொண்டே போகும், ஏஏஎஃப் வழியே வந்த இசையின் கோப்புப் பெயரே மாறியிருக்கவும் கூடும். எனவே பட்டியலின் அடித்தளத்தை எக்ஸ்எம்எல்லிலிருந்து அமைத்துவிட்டு, மிக்ஸ் முடிந்ததும் உரைக்கோப்பை வாங்கித் தொடக்க முடிவு நேரங்களை மட்டும் அதனோடு ஒப்பிட்டுத் திருத்துகிறேன். அந்த உரைக்கோப்பைக் கேட்கும்போது, நேர வடிவம் டைம்கோடாக (மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம்) இருக்க வேண்டும், சப்ஃபிரேம் (ஃபிரேமின் பின்னம்) வேண்டாம், கிராஸ்ஃபேடுகளை இணைத்தே காட்ட வேண்டும் என்ற மூன்றையும் முன்கூட்டியே ஒலிப்பொறியாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. இல்லையெனில் கிராஸ்ஃபேடுகளும் தனி வரிகளாக வந்து, எக்ஸ்எம்எல்லில் ஒருமுறை செய்த இணைப்பு வேலையை மீண்டும் செய்ய நேரிடும்.