அஜ்ரக் குர்தா: அச்சில் குறையில்லை, தைத்தவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை

இயற்கைச் சாயமும் கையச்சும் நியாயமான கூலியும் தனது அடிப்படை என்று கூறும் ஒரு நிறுவனத்திடம் வாங்கிய பருத்தி அஜ்ரக் குர்தாவை 8 மாதங்கள் அணிந்து, 30 முறைக்கு மேல் துவைத்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சாயமும் தையலும் எப்படிப்பட்டவை என்பது அதற்கு முன்பு எவருக்கும் தெரியாது.

முதலில் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த உடையின் பெருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அஜ்ரக் என்பது குஜராத்தின் கட்ச் பகுதியிலும் பாகிஸ்தானின் சிந்துவிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டு வரும் கட்டை அச்சு. துணியின் கஞ்சியை நீக்கிக் கடுக்காய்க் கரைசலில் தோய்த்துக் காயவைத்து, நிறம் ஏறக் கூடாத இடங்களைச் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையால் மூடி, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த கரைசலால் கறுப்பையும், படிகாரம் அச்சிட்ட இடங்களில் மஞ்சிட்டியால் சிவப்பையும், அவுரித் தொட்டியில் முக்கி நீலத்தையும் ஏற்றுகிறார்கள். தொட்டியிலிருந்து தூக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். ஒவ்வொரு படிக்கும் இடையே அலசலும் உலர்த்தலும் உண்டு என்பதால், ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

என் குர்தாவின் இடது தோளுக்குக் கீழே, அச்சுக்கட்டை அடுத்த இடத்தில் பதிந்தபோது ஒரு மயிரிழை அளவு விலகியதால், ஒரு நட்சத்திரத்தின் விளிம்பு மட்டும் இரட்டைக் கோடாக விழுந்திருக்கிறது. மற்ற இடங்களில் இணைப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு கோடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உடையோடு வந்த அட்டையில், துணிக்கு அச்சிட்ட குடும்பத்தின் பெயரும் அஜ்ரக்பூர் என்ற ஊரின் பெயரும் இருந்தன. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கட்ச்சில் உள்ள தமட்கா என்ற ஊரின் நீர் சாயத்தொழிலுக்கு ஒத்துவராமல் போனதால், அங்கே அச்சுத்தொழில் செய்துவந்த கத்ரி சமூகக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்து உருவாக்கிய ஊர் அது. நல்ல நீருக்காக ஊரையே மாற்றிக்கொண்டவர்களின் கைவேலையைப் பெயரோடு விற்பது பாராட்டுக்குரியது.

அதே அட்டையில் ‘சாயம் போகாது’ என்று எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. முதல் மூன்று துவைப்புகளிலும் நீர் நீலமாக ஓடியது. என் வெள்ளைத் துணிப்பையின் வாரிலும் கறை ஏறியது. அவுரி இழையின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் தங்குவதால் உராயும்போது ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. தனியாகத் துவைக்கவும், வெளிர்நிற உடைகளோடு சேர்த்து அணிய வேண்டாம் என்றும் எழுதியிருந்தால் போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. இப்போது நீலம் சற்று வெளுத்து இன்னும் அழகாகியிருக்கிறது. சிவப்பு அப்படியே நிற்கிறது.

தையலுக்கு வருகிறேன். நான்காம் மாதத்தில் பக்கவாட்டு வெட்டின் முனை பிரிந்தது. இரண்டு காஜாக்களில் நூல் தளர்ந்து தொங்கியது. பிரித்துத் தைக்கலாம் என்றால் உள்ளே போதிய துணி விடப்படவில்லை. வாரக்கணக்கில் உழைத்து உருவாக்கிய துணியை இப்படி அவசரமாகத் தைத்திருப்பதைப் பார்த்தபோது, தைத்தவருக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி விரட்டினார்களோ என்ற கேள்வி எழுந்தது. உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் அட்டையில் தைத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நியாய வணிகம் பேசும் உடைகளில் இந்த இடைவெளி புதிதல்ல. ஃபேர்ட்ரேடு என்ற நியாய வணிக அமைப்பு பருத்திக்குத் தரும் முத்திரை பஞ்சை விளைவித்த விவசாயிக்கு உரியது. நூற்பு முதல் தையல் வரை உள்ள தொழிலாளர்களுக்கென அந்த அமைப்பு தனியாக ஒரு நெறிமுறையை வெளியிட்டது 2016-இல்தான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உடை தைக்கும் தொழிலாளர்கள். கைவினையின் அழகைப் பற்றி நாம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுகிறோம், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் மட்டும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன்: தையல் எங்கே நடக்கிறது, கூலி நாளுக்கா துண்டுக்கா, மிகைநேரத்துக்குத் தனிக் கூலி உண்டா? ‘எங்கள் கைவினைஞர்களுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறோம்’ என்று மரியாதையான பதில் வந்தது. அச்சிடுபவர்களுக்கு அவர்கள் தருவதை நான் நம்புகிறேன். தையல் பற்றிய மூன்று கேள்விகளையும் மீண்டும் அனுப்பியிருக்கிறேன். கறுப்பும் சிவப்பும் கலந்த இன்னொரு குர்தாவைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருக்கிறேன். பதில் வந்த பிறகு வாங்குவேன்.