ஏபிஐ கீயை வைக்க ஒரு நல்ல இடம்: 'எல்எல்எம்' கருவி பற்றி

இலங்கை மலையகத்து ஹட்டனில் வார இறுதியில் சில பிள்ளைகளுக்கு பைதான் சொல்லிக்கொடுக்கிறேன். டிக்கோயா, கொட்டகலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். ஏஐ மாடல்களை டெர்மினலிலிருந்தே (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரை) கூப்பிட 'எல்எல்எம்' என்ற கருவியை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறோம். ஜாங்கோ என்ற பைதான் வலைச் சட்டகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் வில்லிசன் எழுதிய இலவசக் கருவி அது. அதில் ஏபிஐ கீ, அதாவது ஏஐ சேவையை நம் கணக்கில் நிரல் வழியாகப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு, போடுகிற பகுதியை மட்டும் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுத்தேன், அதற்காக வரிவரியாகச் செய்து பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கீ என்பது காசு. ஓப்பன்ஏஐ ஏபிஐக்குக் குறைந்தது 5 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், நம் கணக்கில் ஏறக்குறைய 1,500 இலங்கை ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350. அதாவது கொழுந்து பறிக்கிற அம்மாவின் அன்றைய ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஆறு பேருக்கும் ஒரே கீ, அது வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது, யாரோ அதை நிரலுக்குள்ளேயே எழுதி இணையத்தில் பொதுவில் ஏற்றிவிட, கீயை நிறுத்திப் புதிது எடுத்து எல்லாவற்றையும் சரிசெய்ய இரண்டு நாள் போனது. அதனால் ஒரு கருவி கீயை எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இதில் 'எல்எல்எம் கீஸ் செட் ஓப்பன்ஏஐ' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் கீயைக் கேட்கும். ஒட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட வராது. பிள்ளைகள் ஒட்டவில்லை என்று நினைத்து இரண்டு மூன்று தடவை ஒட்டிவிடுகிறார்கள், அப்புறம் கீ தவறு என்று வருகிறது. ஒரே தடவை ஒட்டி என்டர் அழுத்துங்கள், போதும். கீ ஒரு ஜேசன் கோப்பில் (சாதாரண எழுத்துக் கோப்புதான்) போய் உட்காரும், 'எல்எல்எம் கீஸ் பாத்' என்று கேட்டால் அந்த இடத்தைக் காட்டும். வெறும் 'எல்எல்எம் கீஸ்' என்றால் பெயர்கள் மட்டும் வரும், கீ வெளியே வராது. ப்ரொஜெக்டரில் காட்டிப் பாடம் நடத்துகிற எனக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. நிரல் இருக்கிற கோப்புறைக்கும் கீக்கும் சம்பந்தமே இல்லாததால் தவறிப் பொதுவில் ஏற்றும் ஆபத்தும் குறைகிறது.

ஆனால் இந்த வரிசையை மனதில் வையுங்கள்: கட்டளையோடு நேராகக் கொடுத்த கீ முதலில், அது இல்லையென்றால் கோப்பில் சேமித்தது, அதுவும் இல்லையென்றால்தான் சூழல் மாறியில் (நிரல்கள் படிக்க கணினியில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) இருப்பது. புதிய கீயைச் சூழல் மாறியில் போட்டுவிட்டு, பழைய கீதான் ஓடுகிறதே என்று ஒரு தங்கச்சி அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கருவியின் ஆவணத்தில் இது இருக்கிறது, ஆனால் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. என் தமிழ்க் குறிப்பில் இதை முதல் பக்கத்திலேயே பெட்டி கட்டிப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது, அந்தக் கோப்பு பூட்டப்பட்டதல்ல, திறந்தால் கீ அப்படியே படிக்கலாம். லினக்ஸில் உரிமையாளர் மட்டும் படிக்கும்படி அனுமதியைக் குறுக்கி உருவாக்குகிறது. விண்டோஸில் அந்த அனுமதி அதே மாதிரி வேலை செய்யாது. எங்கள் வகுப்பில் ஒரு மடிக்கணினிக்கு மூன்று பிள்ளைகள், அதுவும் ஒரே லாகினில். ஆளுக்கொரு லாகின் போடுவதுதான் சரி. அது முடியாத இடத்தில் 'எல்எல்எம் யூசர் பாத்' என்ற சூழல் மாறியை அவரவர் பென் டிரைவில் உள்ள கோப்புறைக்குத் திருப்பிவிட்டோம், கீயும் பழைய உரையாடல்களும் பென் டிரைவோடு வீட்டுக்குப் போய்விடும். தொலைத்தால் உடனே தளத்தில் போய்க் கீயை ரத்து செய்ய வேண்டும், அதையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெயர்தான் தொல்லை. எல்எல்எம் என்பது பெரிய மொழி மாடல் என்ற தொழில்நுட்பத்தின் சுருக்கப் பெயர், அதையே கருவிக்கும் வைத்திருப்பதால் தேடினால் வேறு எல்லாம் வருகிறது.

கார்டு இல்லாதவர்கள் கூகுளின் ஜெமினி மாடலுக்கான ப்ளகினை (கருவியோடு சேர்க்கும் துணை நிரல்) நிறுவி, கூகுள் ஏஐ ஸ்டுடியோவில் இலவச அளவுக்குள் ஒரு கீ எடுத்து, 'எல்எல்எம் கீஸ் செட் ஜெமினி' என்று போட்டுத் தொடங்கலாம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். கட்டளையோடு கீயை நேராக எழுதும் வழியை மட்டும் பொதுக் கணினியில் பயன்படுத்த வேண்டாம், டெர்மினலின் வரலாற்றில் அது தங்கிவிடும், அடுத்து உட்காருகிறவர் மேல் அம்புக்குறியை அழுத்தினாலே வந்து நிற்கும்.