மினி கொக்: ஒரு தாளும் பேனையும் போதுமான ஞாபகச் சோதனை

வயது போனவர்களின் ஞாபக மறதியை முதற்கட்டமாகப் பார்க்கும் சோதனைகளுக்குள், யாழ்ப்பாணத்துக் கிளினிக் நெரிசலுக்கு நாங்கள் முதலில் எடுப்பது மினி கொக். அமெரிக்காவில் உருவாகி 2000இல் வெளியானது. மூன்று நிமிட வேலை. மொக்கா (MoCA) என்ற 30 புள்ளிச் சோதனை இதைவிட நுணுக்கமானது, ஆனால் பத்து நிமிடமாவது பிடிக்கும், செய்பவருக்குப் பயிற்சியும் வேண்டும்.

முதலில் தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். பிடிபடாவிட்டால் மூன்று தடவை வரை சொல்லலாம். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலப் பட்டியலை அகராதிப்படி பெயர்த்து 'நாற்காலி' என்று கேட்டால், சாவகச்சேரி ஆச்சி 'கதிரை' என்பார். அதற்குப் புள்ளி கொடுப்பதா, இல்லையா? கதிரை என்றே கேளுங்கள்.

அடுத்தது மணிக்கூடு. வட்டத்தை நீங்களே கீறிக் கொடுக்கலாம். இலக்கங்களை எழுதி முடித்த பிறகு, பதினொரு மணி பத்து நிமிடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முட்கள் 11இலும் 2இலும் நிற்க வேண்டும். தடுமாறும் மூளை 'பத்து' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முள்ளை 10க்கு இழுத்துவிடும். சோதனையின் கூர்மையே அதில்தான் இருக்கிறது. "பெரிய முள் எங்கை வரும், யோசிச்சுப் பாருங்கோ அப்பு" என்று பக்கத்தில் மகள் எடுத்துக்கொடுத்தால் எல்லாம் வீண். சுவர் மணிக்கூடும் கண்ணில் படக்கூடாது. முட்களின் நீளம் கணக்கில்லை. மூன்று நிமிடத்தில் முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பிறகு, முதலில் சொன்ன அந்த மூன்று சொற்களையும் நினைவிலிருந்து சொல்லக் கேளுங்கள்.

நினைவில் வந்த சொல்லுக்கு ஒவ்வொரு புள்ளி. மணிக்கூடு சரியென்றால் 2, பிழையென்றால் 0. மொத்தம் 5இல் 3க்குக் குறைந்தால் வைத்தியரிடம் விரிவாகப் பார்க்க வேண்டும். 3 எடுத்தவரையும், வீட்டார் மாற்றம் கண்டிருந்தால், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களிடம் இது நியாயமாக நடப்பதில்லை. பேனை பிடித்துப் பழகாத கைக்கு வட்டமே பாரம். அவர்களுக்கு, வீட்டாரிடம் எட்டுக் கேள்வி கேட்கும் ஏடி8 நல்லது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றங்களுக்கு 'ஓம்' என்றால் கவனிக்க வேண்டும்.

காய்ச்சலோடு, கண்ணாடி இல்லாமல், காது கேளாமல் இருப்பவரைச் சோதிப்பது அநியாயம். குறைந்த புள்ளியை உடனே 'அல்சைமர்' என்று சொல்வதும் அப்படித்தான்: விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் ஞாபகத்தைக் குலைக்கும், இவற்றுக்கு மருத்துவம் உண்டு. மறுபடி சோதிக்கும்போது வேறு மூன்று சொற்களை எடுங்கள்.