பூஞ்சை டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன்: ஐந்துக்கு ஒரு ஸ்டார்

பீரோவை நகர்த்தியபோது பின்சுவரில் கருப்பாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. எனக்கோ ஒரு மாதமாகக் காலையில் எழுந்தால் தும்மல், மூக்கடைப்பு. இணையத்தில் தேடினால் 'விஷக் கருப்புப் பூஞ்சை' என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள், அந்தப் பயத்தில் வாங்கியதுதான் இது. பெட்டிக்குள் இரண்டு பெட்ரி டிஷ் (மூடி போட்ட சின்ன வட்டத் தட்டு), ஒரு பாட்டிலில் பூஞ்சை வளர்வதற்கான அகர் கூழ், அப்புறம் என்ன வகை என்று தெரிய லேபுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு தாள். அந்த விஷயம் மட்டும் பெட்டிக்கு வெளியே எங்கும் அச்சாகவில்லை.

செய்முறை எளிது. கூழை ஊற்றி, உறைந்ததும் அறையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து மூடிவிட வேண்டும். மூன்றாம் நாள் பஞ்சு மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஐந்தாம் நாள் அதில் ஒன்று நடுவில் நீலப்பச்சையாகி ஓரத்தில் மட்டும் வெள்ளையாக நின்றது, பக்கத்தில் இன்னொன்று ஆலிவ் நிற வெல்வெட் துணியை வட்டமாக வெட்டி ஒட்டியது போல. வளர்ந்தால் வீட்டில் பூஞ்சை இருக்கிறது என்கிறது தாள். தூக்கம் போயிற்று. ஏதோ சந்தேகத்தில் இரண்டாவது டிஷ்ஷை வீட்டுக்கு வெளியே வைத்துப் பார்த்தேன், அதில் இன்னும் அதிகமாக முளைத்தது!

முளைக்காமல் என்ன செய்யும்? கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ், ஆல்டர்னேரியா மாதிரி சாதாரணப் பூஞ்சைகளின் வித்துகள், அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய துகள்கள், எல்லா இடத்துக் காற்றிலும் மிதக்கின்றன. இந்த டிஷ் பிடிப்பது தானாக வந்து விழுவதைத்தான். பெரிய வித்துகள் சீக்கிரம் விழும், நுரையீரல் வரை போகக்கூடிய பொடி வித்துகள் மிதந்துகொண்டே இருக்கும். செத்த வித்து முளைக்காது, ஆனால் அதுவும் அலர்ஜியைக் கிளப்பும். இதில் பெரிய வேடிக்கை, எல்லோரும் பயப்படும் அந்தக் கருப்புப் பூஞ்சை, ஸ்டாக்கிபோட்ரிஸ், ஊறிப்போன அட்டை, ஜிப்சம் பலகை மாதிரி இடங்களில் மெதுவாக வளர்வது. வித்து பிசுபிசுப்பானது, ஈரமாக இருக்கும்வரை காற்றில் அவ்வளவாகப் பறக்காது. எதற்குப் பயந்து கிட் வாங்குகிறோமோ அதையே இது கோட்டைவிட வாய்ப்பு அதிகம். கருப்பாக இருப்பதெல்லாம் அதுவும் இல்லை.

சரி, லேபுக்கு அனுப்பி எண்ணிக்கை வாங்கினால்? ஒப்பிட அளவுகோல் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டிகூட வித்துக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை, ஈரத்தை ஒழியுங்கள் என்றுதான் சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பூஞ்சை தருவது தும்மல், கண் அரிப்பு, இருமல். ஆஸ்துமா இருந்தால் இழுப்பு கூடும். எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு, உதாரணமாக உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலிலேயே தொற்றாக வேரூன்றலாம், அது நிஜமாகவே ஆபத்து. அவர்கள் டிஷ் முளைக்கும்வரை காத்திருக்கக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எனக்கு உதவியது ஒரு சாதாரண ஈரப்பதமானி. பீரோவுக்குப் பின்னால் 78 சதவீதம் காட்டியது. 60-க்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50-க்குள் இருக்க வேண்டியது. சுவருக்குள் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதை அடைத்து, சுவரைக் காயவிட்டு, மாஸ்க், கையுறை போட்டுச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன். திட்டு ஒரு சதுர மீட்டருக்குள் இருந்ததால் நானே செய்தேன், அதைவிடப் பெரிதென்றால் ஆள் வைப்பது நல்லது. பீரோவை இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, வளர்ந்த டிஷ்ஷைத் திறக்காதீர்கள் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. நான் திறந்து கிட்டத்தில் பார்த்தேன். அன்று முழுக்கத் தும்மல்தான்.